கரண்ட் போன இரவில் சி-பேப்

தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்கக் காற்றை ஊதும் சி-பேப் கருவியைப் போட்டுத் தூங்குபவர்கள் மின்வெட்டுக்குப் பயந்து முதலில் தேடுவது பெரிய பேட்டரியை. தேட வேண்டியது அதையல்ல.

ஏர்சென்ஸ் 10 என்ற சி-பேப் கருவியின் அடாப்டரில் 90 வாட் என்று போட்டிருக்கும். எட்டு மணி நேரத்துக்கு 720 வாட்-மணி என்று பெருக்கிப் பார்த்து மலைத்துவிடுகிறோம். ஆனால் அந்த 90, அடாப்டர் தரக்கூடிய உச்ச அளவு. நடுத்தர அழுத்தத்தில் காற்றை ஊதும் மோட்டாருக்கு ஏறத்தாழ 10 வாட் போதும். மீதியை விழுங்குவது தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையரும் சூடேறும் குழாயும்தான். 500 வாட்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக்கி ஓடினால் ஒரே இரவில் பெரும்பகுதி தீரும். அதை அணைத்தால் நான்கைந்து இரவுகள் வரும். சூட்டை நிறுத்தினாலும் தொட்டித் தண்ணீரைத் தொட்டு வரும் காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஏசி இல்லாத கடலோர வீட்டில் அதுவே போதும். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தால் மோட்டார் கூடுதலாக உழைக்கும் என்பதால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர்? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் பெயரளவுக்கு 1800 வாட்-மணி. பேட்டரி கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு பழைய மின்விசிறியே இரவு முழுக்க 500 வாட்-மணிக்கு மேல் இழுத்துவிடும். கருவியைவிட விசிறிதான் பெரிய செலவாளி! ஆகவே சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால், சாதாரண மின்வெட்டுக்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஸ்கொயர் வேவ் ரகத்தில் கருவியை மாட்டாதீர்கள்.

புயல் வேறு கணக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் காவிரி டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. சார்ஜ் ஏற வழியில்லாத இன்வெர்ட்டர் அங்கே வெறும் பெட்டி. 12 வோல்ட் நேர் மின்சாரத்தில் கருவியை ஓட்டி, பகலில் சோலார் பலகையிலோ காரிலோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதுதான் அப்போது கைகொடுக்கும். மாறு மின்சாரமாக (ஏசி) மாற்றி மீண்டும் நேர் மின்சாரமாக (டிசி) ஆக்கும் வீண் இழப்பும் இதில் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: ஏர்சென்ஸ் கேட்பது 24 வோல்ட். அதற்குரிய டிசி மாற்றி இல்லாமல் வெறும் வயரைக் கோத்தால் கருவி ஓடாது. இந்தப் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோவதென்றால், 100-க்கு மேல் 160 வாட்-மணி வரையுள்ளதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்; அதற்கும் மேற்பட்டதைப் பயணிகள் கொண்டுபோக முடியாது.

இரண்டு அழுத்தங்களில் காற்று தரும் பை-பேப் கருவியோடு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. கான்சன்ட்ரேட்டர் மட்டுமே சுமார் 300 வாட் இழுக்கும். அவர்கள் மருத்துவரோடு பேசித் தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு இது: வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதுவே போதும், புயல் பாதைக்காரர்களும் அடிக்கடி பயணம் போகிறவர்களும் மட்டும் டிசி மாற்றியோடு சிறிய லித்தியம் பேட்டரி வாங்கலாம். எதை வாங்குவதற்கு முன்னும், கரண்ட் இருக்கும் ஓர் இரவில் சூடாக்கியை அணைத்துவிட்டுத் தூங்கிப் பாருங்கள்.