அன்ட்ரூவின் நாட்குறிப்பு: யாருடைய தீர்மானம்?

றொபேர்ட், பெக்கி ஸ்ரின்சன் தம்பதியரின் 'குழந்தை அன்ட்ரூவின் நெடிய மரணம்' 1983இல் வெளியானது. மிகக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கான சிகிச்சை பற்றிய விவாதங்களில் இந்நூல் இன்றும் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. எதற்குச் சாட்சி என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

1976 டிசம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 24 வாரங்கள் சற்றே கடந்த நிலையில் சுமார் 800 கிராம் எடையுடன் அன்ட்ரூ பிறந்தான். அசாதாரண முயற்சிகள் வேண்டாம் என்றனர் பெற்றோர். பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டபின் அவர்களது சம்மதமின்றியே செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டது. நுரையீரல் பழுதடைந்தது, எலும்புகள் முறிந்தன, மூளையில் இரத்தம் கசிந்தது. 1977 யூனில் இறந்தான்.

இருவரும் தனித்தனியே எழுதிய நாட்குறிப்புகளே நூல். அதன் பலமும் அங்கேதான். ஆறு மாதங்களில் தீர்மானம் எடுத்த ஒருவரைக்கூட அந்தப் பக்கங்களில் நம்மால் சுட்டிக்காட்ட முடிவதில்லை. கருவி 'பொருத்தப்பட்டிருக்கிறது', பொருத்தப்பட்டதை அகற்றினால் அது கொலை. செய்தவர் இல்லாத இந்த வினைச்சொல் எமக்கும் பழக்கமானதே: 'உமது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது.' பெக்கியின் கோபம் இன்னும் கூரானது. அதே வாரங்களில் கருக்கலைப்பைச் சட்டம் அன்று அனுமதித்தது. குழந்தை தானாகப் பிறந்துவிட்டாலோ தாய்க்கு வாயே இல்லை.

ஆனால் 'எங்களைக் கேட்டிருக்க வேண்டும்' என்ற நியாயம், 'இது எங்கள் தீர்மானம் மட்டுமே' என்பதாக நூலில் மெல்ல வழுக்கிச் செல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. வாழத் தகுந்த வாழ்வு எது என்பது படித்த நடுத்தர வர்க்க வீட்டிற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. கனடாவில் சரோஜ் சைகல் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிச்சயத்தைக் குலைக்கிறது: கடும் குறைபாடுள்ள வாழ்வை, வைத்தியர்களையும் தாதிகளையும்விடப் பெற்றோரும் பதின்வயதுப் பிள்ளைகளும் அதிகம் ஏற்றுக்கொண்டனர். (தப்பியவர்கள்தானே பதிலளிக்க முடியும் என்பதும் உண்மை.)

அரசிடம் விட்டுவிடலாமா? நூல் வெளிவந்த அதே 1983இல், றேகன் அரசு குழந்தைப் பிரிவுகளில் முறைப்பாட்டுத் தொலைபேசி எண்ணை ஒட்டவைத்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதவையாக்கியது. 2003இல் ரெக்சாஸ் உச்ச நீதிமன்றமோ மில்லர் வழக்கில், 23 வாரக் குழந்தைக்குப் பெற்றோரின் மறுப்பை மீறிச் சிகிச்சையளித்த வைத்தியசாலையின் பக்கமே நின்றது.

'24 வாரக் குழந்தைக்குச் சிகிச்சை வீண்' என்பதற்கு இந்நூலை ஆதாரமாக்குவது அபத்தம். 1990களில் பரவலான சர்பக்ரன்ற் மருந்து, சுருங்கி ஒட்டும் நுரையீரலை விரியச் செய்து அந்த எல்லையை நகர்த்திவிட்டது. இன்று சுவீடனில் 22 வாரத்திலேயே சிகிச்சை முனைப்புடன் தொடங்கப்படுகிறது. நெதர்லாந்தில் 2010 முதல் 24 வாரத்திலிருந்து. 23 வாரக் குழந்தையின் உயிரை இங்கு இயற்கையைவிடக் கடவுச்சீட்டு எல்லையே அதிகம் தீர்மானிக்கிறது.

எனவே இந்நூல் எந்த வாரத்திற்கும் சாட்சியல்ல. கேட்கப்படாத பேச்சுக்கே சாட்சி. அதிலும் றொபேர்ட் வரலாற்றுப் பேராசிரியர், தாய்மொழியில் வாதாடியவர். அவருக்கே அந்த நிலை. தொலைபேசியில் ஒலிக்கும் மொழிபெயர்ப்பாளரின் குரலை நம்பிப் பத்து நிமிடத்தில் தலையாட்டவேண்டிய அகதித் தாய் எந்த நாட்குறிப்பை எழுதுவாள்?