காயலோரத்து நிழல்

மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் மிளகு வாசனை மூக்கை விட்டு அகலுமுன் படகேறி, ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலாளர் காயலைத் தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டே விஸ்தரித்த வில்லிங்டன் தீவைக் கடந்து எர்ணாகுளம் துறையில் இறங்குகிறவனுக்கு, நீர் விளிம்பை ஒட்டி நீண்டு கிடக்கும் சுபாஷ் பூங்கா, யாரும் அழைக்காமலே கிடைத்த விருந்து. 1926 முதல் 1931 வரை வைஸ்ராயாக இருந்த இர்வின் பிரபுவின் நாமத்தை முன்னாளில் தாங்கியிருந்த இவ்வுத்தியானம், அவ்வாட்சியையே எதிர்த்துப் படை நடத்திய நேதாஜியின் பெயரைப் பின்னர் ஏற்றது காலத்தின் விநோதங்களுள் ஒன்று. மரங்களோ இரண்டையும் அறியா.

அங்கே சாயங்காலம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தால், அதுவரை பச்சைக் குடையாய்க் கவிந்திருந்த சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பி மடிய, அவ்விடைவெளிகளில் ஆகாயம் மெல்ல மெல்லப் புலப்படுவது தெரியும். தென்னமெரிக்காவில் பிறந்த மரம் அது; ஆயினும் இக்கரையில் அந்நியமாய்த் தோன்றுவதில்லை. கைப்பிடிச் சுவருக்கு அப்பால், நீரோட்டத்தின் போக்கில் ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று, மேலே ஒற்றைக் கொக்கைச் சுமந்தபடி, அவசரமின்றி நகர்கிறது. மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகின் மணி ஒலிக்கிறது; எழத்தான் மனம் வரவில்லை.