விசைப்பலகையில் உயிரும் மெய்யும்

தமிழுக்கு எழுத்து முப்பது என்பது தொல்காப்பியர் வகுத்த கணக்கு. உயிர் 12, மெய் 18. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றும் இவற்றைச் சார்ந்து வருவன. உயிர்மெய் 216 என்று வகுப்பிற் சொல்லும் ஆசிரியர், அவை புத்தெழுத்துகள் அல்ல, மெய்யும் உயிரும் கூடிப் பிறந்தவையே என்பதையும் உடன் சொல்லிவிடுகிறார். இந்தக் கணக்கைக் கணிப்பொறியின் விசைப்பலகை மதிக்கிறதா, மறுக்கிறதா? எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய லினக்ஸ் மேசைத்தளத்தில் தமிழ் விசையமைப்பைச் சேர்க்கும் முறையையும் மாற்றும் முறையையும் இக்கேள்வியோடு அணுகிப் பார்ப்பது தமிழாசிரியர்க்குப் பயனுடைத்து.

எக்ஸ்எஃப்சிஇ 1996இல் ஒலிவியே ஃபூர்தான் என்பவரால் தொடங்கப்பட்டது. ஆடம்பரம் இல்லாதது, நினைவகம் குறைந்த பழைய பொறியிலும் தடையின்றி ஓடுவது. பிறர் கழித்துவிட்ட கணிப்பொறியைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்க நேரும் பள்ளிக்கு இதனினும் பொருத்தமான துணை அரிது. விசையமைப்பைச் சேர்ப்பதிலும் சிக்கல் இல்லை. அமைப்புகள் பகுதியில் விசைப்பலகை என்பதைத் திறந்து, தளக்கோலத்துக்குரிய பக்கத்துக்குச் சென்று, கணினியின் பொது இயல்பையே பின்பற்றுக என்றிருக்கும் குறியை முதலில் நீக்க வேண்டும். அதை நீக்காதவரை சேர்க்கும் பொத்தான் உயிர்பெறாது. புதியவர் பலர் திகைத்து நிற்பது இவ்விடத்திலேதான். நீக்கியபின் நான்கு அமைப்புகள் வரை சேர்க்கலாம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ எந்த விசைகளை அழுத்துவது என்பதும் அதே பக்கத்திற் தெரிவு செய்யத்தக்கது. ஆங்கிலத்தையே முதலில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. தமிழை முதலில் வைத்தவர், புகுவாயிலில் கடவுச்சொல்லைத் தட்டும்போது புள்ளிகளையன்றி வேறொன்றும் காணாராய், சொல் சரி, விசை சரி, கதவு மட்டும் திறக்கவில்லை என்று வருந்த நேரும்.

பட்டியலிலே தமிழைத் தேடுவதுதான் வேடிக்கை. தமிழ் என்னும் தலைப்பு அங்கில்லை. இந்தியா என்பதன்கீழ் ஓரிடம். இலங்கைக்குரிய சிங்களம் என்பதன்கீழ் மற்றோரிடம். மலாய் என்னும் தலைப்பில் ஜாவி எழுத்துக்கு இடமுண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாள்தோறும் எழுதப்படும் தமிழுக்கு அங்கே இடமில்லை. நாட்டின் பெயரால் மொழியை அடுக்கியவர்கள், ஒரு மொழி பல நாடுகளில் வாழக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை போலும். நடப்பிலுள்ள அமைப்பு எதுவென்று பணிப்பட்டையிற் காட்டும் சிறு கருவியும் இதே பிழையின் வாரிசு. கொடியைக் காட்டுமாறு அதனை அமைத்தால் தமிழுக்கும் இந்திக்கும் ஒரே கொடி. எழுத்தால் காட்டுமாறு மாற்றிக்கொள்வது நன்று.

இந்தியா என்னும் தலைப்பைத் திறந்தால் தமிழ் இன்ஸ்கிரிப்ட் ஒன்றும், தமிழ்நெட்99 என்னும் பெயரோடு பல வகைகளும் தோன்றும். டாப், டிஸ்கி என்று அடைமொழி பெற்றவை பழைய குறிமுறைகளுக்கு உரியன. ஒருங்குறியில் எழுதும் பள்ளிக்கு அவற்றால் பயன் இல்லை. அவற்றைத் தள்ளி, நல்ல பெயராயிற்றே என்று தமிழ்நெட்99ஐத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியரே ஏமாற்றம் அடைகிறார். குறை கூற வேண்டிய இடம் இதுவே.

தமிழ்99 என்பது வெறும் விசை வரிசையன்று. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளில் அறிஞர்கள் வாதிட்டுக் கண்ட முடிவின் பயன் அது. 1999இலேயே தமிழக அரசும் அதனை ஏற்றது. கணியன் என்னும் முறையை ஆக்கிய சிங்கப்பூர்ப் பேராசிரியர் நா. கோவிந்தசாமி, அஞ்சல் முறையை ஆக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் அக்காலத்தே இத்துறையில் உழைத்தவர்கள். உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய்களுள் வகரமும் ஙகரமும் ஒழிய ஏனையவை வலக்கைக்கு. மெய்க்குரிய விசையைத் தட்டி உயிருக்குரிய விசையைத் தட்டினால் உயிர்மெய் தானே பிறக்கும். ஒரே மெய் இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. முப்பது எழுத்துக்கு முப்பது விசை. துணைவிசையின் உதவி வடவெழுத்துகளுக்கு மட்டும். நூற்பா கூறும் புணர்ப்பைப் பொறியே செய்துகொள்கிறது.

எக்ஸ்எஃப்சிஇ பட்டியலில் இருப்பதோ, இந்த வரிசையின் தோற்றம் மட்டுமே. அங்கே ஒரு விசைக்கு ஒரு குறி. முன்னர்த் தட்டியது எது என்பதைப் பலகை நினைவில் வைத்திராது. ககரத்தை அடுத்து ஆகாரத்தைத் தட்டினால் ‘கா’ வராது. ‘கஆ’ என்று இரண்டும் தனித்தனியே நிற்கும். கால் வேண்டுமெனில் துணைவிசையை அழுத்திக்கொண்டு காலைத் தனியே தட்ட வேண்டும். ‘அம்மா’ என்று எழுத உண்மைத் தமிழ்99இல் அ, ம, ம, ஆ என நான்கு அடிகள். இங்கோ அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து, துணைவிசை வேறு. ‘தங்கம்’ அங்கே ஐந்து, இங்கே ஆறு. ஓர் அடி கூடுவது பெரிதன்று. மாணவன் மனத்தில் பதிவது எது என்பதே பெரிது. ஆகாரம் வேறு, கால் வேறு. ஐகாரம் வேறு, அதன் குறி வேறு என்று அவன் விரல் கற்றுக்கொள்கிறது. உயிரும் மெய்யும் கூடின என்பதை அவன் விரல் அறியாது.

இதனால் விளையும் பிழைக்கு ஒரு சான்று போதும். ‘கௌதமன்’ என்னும் பெயரை எழுதும் சிறுவன், ஒற்றைக்கொம்பைத் தட்டி, பின்னால் தெரிவது ளகரம் போலிருக்கவே ளகரத்தைத் தட்டிவிடுகிறான். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. கணிப்பொறிக்கோ அது ‘கெ’ என்னும் எழுத்தும் ‘ள’ என்னும் எழுத்தும் ஆகும். பின்னொரு நாள் அப்பெயரைத் தேடினால் கிடைக்காது. பொறி வாய்விட்டுப் படித்தால் ‘கெ-ள-தமன்’ என்று படிக்கும். புணர்ச்சி அறிந்த அமைப்பில் ககரத்தோடு ஔகாரத்தைத் தட்டினாலே எழுத்து முடிந்துவிடுவதால், கொம்பையும் அதன் பின்வருவதையும் பிரித்துத் தட்டும் தேவையே எழுவதில்லை.

வடிவத்தைத் தனித்தனியே அடிக்கும் முறைக்குப் பழைய தட்டச்சுப்பொறியில் நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்பகுதியில் வாழ்ந்து தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்த இரா. முத்தையா எதிர்கொண்ட இடர் அதுவே. இத்தனை எழுத்துக்கு இத்தனை விசை வைக்க இரும்பில் இடமில்லை. ஆகவே எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். உருளை நகராமல் குறியை மட்டும் பதிக்கும் நகரா விசையைப் பயன்படுத்தினார். இரும்பின் எல்லைக்குள் அது அறிவின் வெற்றி. எண்ணும் பொறிக்கு அந்த எல்லை இல்லை. இல்லாத தளையைத் தானே பூட்டிக்கொள்வது போன்றது இந்த அமைப்பு.

இதனைத் தொகுத்தவர்மேல் முழுப்பழியையும் சுமத்துவது முறையாகாது. விசைப் பட்டியல் என்னும் அடித்தளம், ஒரு விசைக்கு ஒரு குறி என்பதற்காகவே ஏற்பட்டது. அதற்குள் புணரியலை அடக்க இயலாது. அவர்கள் இயன்றதைச் செய்தனர். இயலாததன் பெயரை அதற்குச் சூட்டியதே தவறு.

பழகிய கைக்கு எதுவும் எளிது என்பார் சிலர். உண்மைதான். ஆயின் பழகும் முன்பே சிறுவன் சலித்துவிடுகிறான். தமிழ்நெட்99 என்று பெயரிட்டது இவ்வளவு தொல்லை தருமானால் ரோமன் எழுத்தால் தட்டுவோம் என்று அவன் எண்ணுவது இயல்பு. ரோமன் வழி இழிந்ததன்று; ஆங்கிலப் பலகையிற் பழகியவர்க்கு அது நல்ல ஊன்றுகோல். எனினும் ந, ன, ண மூன்றுக்கும் ஒலியால் அணுகிய ரோமன் எழுத்து ஒன்றே. மற்ற இரண்டுக்கும் பெரிய எழுத்தையோ தொடர்பற்ற வேறோர் எழுத்தையோ நாட வேண்டும். வேறுபாட்டை இன்னும் உறுதியாகக் கல்லாத பிள்ளைக்கு அது உதவாது.

பரிகாரம் தொலைவில் இல்லை. விசைப் பட்டியலுக்கு மேலே உள்ளீட்டு முறை என்னும் ஓர் அடுக்கு உண்டு. ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் என்பதை நிறுவி, அதனோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்தால், தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு முறை, ஒலிப்பு முறை யாவும் கிடைக்கும். இங்குள்ள தமிழ்99 புணர்ச்சி அறிந்தது. எளிய மேசைத்தளம் இதனாற் பளுவாகிவிடும் என்று அஞ்ச வேண்டா. இணைய உலாவியின் ஒரு பக்கம் தின்னும் நினைவகத்துக்கு முன் இது அற்பம்.

இதில் ஒரு விழிப்பு வேண்டும். உள்ளீட்டு முறையை நிறுவியவர், முன்னர்ச் சேர்த்த தமிழ்ப் பட்டியலை எக்ஸ்எஃப்சிஇ அமைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். இரண்டும் இருந்தால் மாற்றும் அதிகாரம் இருவர் கையிற் சிக்கும். ஐபஸ் தமிழ் என்று காட்டும். அடியிலுள்ள பட்டியலும் தமிழாக இருக்கும். திரையில் வருவதோ எம்மொழியும் அன்று. கீழே ஆங்கிலம் ஒன்று, மேலே தமிழ்99 ஒன்று. மாற்றும் விசையும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பட்டியலைப் பேணும் அன்பர்களுக்குச் செய்யத்தக்க வேண்டுகோள் சிறியது. தமிழ்நெட்99 என்னும் பெயரோடு ‘குறிகள் தனித்தனி’ என்று இரு சொற்களைச் சேர்த்தால் போதும். தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் எதைப் பெறுகிறோம் என்று அறிந்து பெறுவார். தமிழ்99 வேண்டுவோர் மேலடுக்கைத் தேடிச் செல்வார்.