வட்டத்துக்கு ஏது மூலை?

சவ்வாது மலையின் மார்கழிக் குளிரை அறிந்தவர் அறிவர். காலை எட்டு மணி ஆன பின்னும் கம்பளியை உதற மனம் வராது. அத்தகைய ஒரு காலையில், நம்முடன் பணியாற்றும் ஆசிரிய நண்பர் புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் சென்றிருந்தோம். வெளியே வெயில் பொன்னாய்ப் பொழிந்துகொண்டிருந்தது. உள்ளே, கூடத்திலே, மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது! அதனடியில் குனிந்தபடி, பத்தாம் வகுப்பில் பயிலும் அவர் மகள் படித்துக்கொண்டிருந்தாள். தென்சுவரில் சன்னல் இருந்த இடத்தில் புதுச் செங்கல். அதன்மேல் ஓர் ஆளுயரக் கண்ணாடி.

"சன்னல் என்ன ஆயிற்று சார்?" என்றோம்.

"அடைத்துவிட்டோம் சார். தெற்குச் சன்னல் எமனுக்கு வழி என்றார் வாஸ்து பார்த்தவர். கூடத்தில் ஒரு மூலை குறைகிறது, கண்ணாடி மாட்டினால் குறை தீரும் என்றார் ஃபெங்சுயி பார்த்தவர். இருவர் சொல்லையும் கேட்டுவிட்டோம். அம்மாவுக்கு அச்சம், என்ன செய்வது?"

மலைச்சரிவிலே பாதை வளைந்து போகிறது; ஆகவே மனை கோணல். மனை கோணலாகவே கூடமும் கோணல். ஒருபுறம் அகன்று, மறுபுறம் ஒடுங்கி, முறம்போல் கிடக்கிறது. அது குற்றமன்று, மலையின் இயல்பு. அந்தக் கோணலைத் திருத்த வந்த அறிவுரைதான் கோணலிலும் கோணல்! காசு கவ்விய மூன்றுகால் தவளை, கிணுகிணுக்கும் காற்றுமணி, தொந்தி குலுங்கச் சிரிக்கும் புத்தர் என ஒரு மாதச் சம்பளம் அலமாரியில் ஏறி அமர்ந்திருக்கிறது. அந்தப் புத்தர், பகுத்தறிந்து பார்க்கச் சொன்ன கௌதமருமல்லர். புதாய் என்னும் சீனத் துறவியின் உருவம் அது.

அஞ்சியவரை நாம் ஏளனம் செய்யோம். அச்சத்தை விலை கூறி விற்றவர்களிடம் மட்டும் சில கேள்விகள் கேட்போம்.

தெற்கு, எமன் திசை. ஆகாது என்கிறது வாஸ்து. தெற்கு நோக்கிய வீடே சிறந்த வீடு என்கிறது ஃபெங்சுயி. குபேரன் திசையாகிய வடக்கிலே செல்வம் என்கிறது ஒன்று. தென்கிழக்கிலே செல்வம் என்கிறது மற்றொன்று. வாஸ்துவின்படி தென்கிழக்கு அக்கினிக்கு உரியது. சீனத்தார் சொற்படி பணப்பெட்டியை அங்கு வைத்தால், அக்கினி பகவான் அதைச் சும்மா விடுவாரோ? பெய்சிங் நகரில் 1406 முதல் 1420 வரை எழுப்பப்பட்ட மாபெரும் அரண்மனை தெற்கு நோக்கியே நிற்கிறது. அந்த "எமன் வாயிலில்" இரண்டு அரச மரபுகள் ஏறத்தாழ 500 ஆண்டுகள் அரசோச்சினவே! இரண்டு சாத்திரங்களும் ஒருசேர உண்மையாக இருத்தல் இயலாது. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர்தாம் இருக்கிறார்.

ஃபெங்சுயி என்ற சொல்லுக்குக் காற்று, நீர் என்பதே பொருள். வடசீனத்தில் வாடைக்காற்று உயிரை உறைய வைக்கும். நண்பகல் கதிரவனோ ஆண்டு முழுவதும் தென்புறமே நிற்பான். வாடைக்கு முதுகு காட்டி, வெயிலுக்கு முகம் காட்டிக் கட்டினான் அந்நாட்டு உழவன். இது மூடமன்று, பட்டறிவு. பட்டறிவு சடங்கானபோதுதான் பழுது வந்தது. குவோ பூ என்பவர் பெயரால் வழங்கும் அக்கலையின் பழைய நூல், பிணத்தை எங்கே புதைப்பது என்று பேசும் நூல்! கல்லறைக்கு இடம் பார்த்த கலையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, சன்னலைப் புதைத்துவிட்டனர்.

நம் மலை ஏறத்தாழ 12½ பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் கதிரவன் நமக்குச் சற்றே வடபுறம் நிற்கிறான். டிசம்பரிலோ உச்சியிலிருந்து 36 பாகை தெற்கே சாய்கிறான். ஆகவே இங்கே தெற்குச் சன்னல், கோடையில் நண்பகல் வெயிலைத் தடுக்கும். குளிர்காலத்தில் வெயிலை வரவேற்கும். நண்பர் அடைத்தது எமனுடைய வழியையா? மார்கழியின் கணப்பையும் மகளின் வெளிச்சத்தையும் அன்றோ!

இதே மலைத்தொடரில்தான் காவலூர் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் வேணு பாப்பு அங்கே தொலைநோக்கி அமைத்தார். 1977இல் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்டபோது, அதைக் கண்ட நோக்ககங்களுள் காவலூரும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே திறந்து வைக்கப்பட்டது; இன்று நோக்ககமே பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாணவரை அழைத்துச் சென்றபோது, அந்த வட்டக் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஈசானிய மூலை எங்கே? குபேர மூலை எங்கே? வட்டத்துக்கு ஏது மூலை! கூரையே சுழல்கிறது, எந்த விண்மீனைக் காண வேண்டுமோ அந்தத் திசையில் வாசல் திறக்கிறது.

அங்கும் திசைக்கு மதிப்பு உண்டு. தொலைநோக்கியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக வடதுருவத்தை நோக்க வேண்டும். இல்லையேல் பூமி சுழலும்போது விண்மீன் பார்வையிலிருந்து நழுவிவிடும். ஏன் என்று கேட்டால் விடை உண்டு. ஐயம் என்றால் அளந்து காட்ட வழி உண்டு. திசையை அறிவது அறிவியல். திசைக்கு அஞ்சுவது அடிமைத்தனம்.

சரி, கோணல் கூடத்தை என்ன செய்வது? ஒடுங்கிய முனையில் நூலடுக்கை நிறுத்துக. கோணம் மறையும், நூலும் நிறையும். வாசலிலிருந்து அடுக்களைக்குச் செல்லும் வழி இடறாதிருக்கட்டும். அகன்ற பகுதியில் நாற்காலிகள் ஒன்றையொன்று நோக்கட்டும். கூடம் என்பது கூடிப் பேசத்தானே! சுவருக்கு வெள்ளை பூசுக. எழுதும் கையின் நிழல் ஏட்டில் விழாதபடி படிப்பு மேசையைச் சன்னலருகே இடுக. கண்ணாடியையும் பழிக்க மாட்டோம்: சன்னலுக்கு எதிரே மாட்டினால் அது பகலைப் பெருக்கும், சன்னலை அடைத்து மாட்டினால் விளக்கைத்தான் காட்டும்.

இவற்றை நண்பரிடம் சொன்னோம். அவர் அம்மாவை நோக்கினார். அம்மா கண்ணாடியை நோக்கினார். அந்நேரம் மின்சாரம் நின்றது. கூடம் இருண்டது. பேசாதிருந்த பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு நடந்தாள். பனியில் நடுங்கியபடி, வெயிலில் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

சற்று நேரம் பார்த்திருந்த பாட்டி மெல்லக் கேட்டார்: "அந்தக் கொத்தனார் இன்னும் ஊரில்தான் இருக்கிறாரா?"