பெயரும் பதமும்: நில மதிப்பீட்டில் உழவர் அறிவின் இடம்

முன்னுரை

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட நில மதிப்பீட்டுச் சட்டகம், குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டிற்கு நிலம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. உழவரும் அவ்வாறே, இந்தக் காடு பருத்திக்கு ஆகுமா, கம்புக்கு ஆகுமா என்றே பார்க்கின்றனர். ஆயினும் பல அறிக்கைகளில் உழவர் கூறும் மண்பெயர்கள் அட்டவணையில் ‘வட்டாரப் பெயர்’ என இடம்பெறுவதோடு நின்றுவிடுகின்றன. அது இணைப்பு ஆகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

களரும் உவரும்

கரையும் உப்பு மிகுந்த மண்ணை உவர் என்றும், சோடியம் மிகுந்த மண்ணை களர் என்றும் வேளாண் நூல்கள் பிரிக்கின்றன. முன்னதற்கு நல்ல நீரைத் தேக்கி வடித்தால் போதும். பின்னதற்கு ஜிப்சம் இட்ட பின்னரே வடித்தல் பயன்தரும். வழக்கிலோ இச்சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதுண்டு; தமிழ்ப் பேரகராதியும் களருக்கு உவர்நிலம் என்று பொருள் தருகிறது. பெயரை மட்டும் நம்பி ஜிப்சம் இடுபவர் பணத்தை இழக்க நேரும். காய்ந்தபின் வெள்ளை பூக்கிறதா, மழைநீர் கலங்கலாகவே தேங்கி நிற்கிறதா என்று கேட்டால் உழவரிடமிருந்து தெளிவான விடை கிடைக்கும். அவ்விடை மாதிரி எடுக்க வேண்டிய இடத்தைக் காட்டும். ஆய்வகம் அதனை உறுதிசெய்யும்.

பதம்

கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காய்ந்தால் வெடிக்கும். நனைந்தால் காலில் அப்பும். இடைப்பட்ட சில நாள்களே உழவுக்கும் விதைப்புக்கும் உரியவை. அந்நிலையே ‘பதம்’. வரைபடம் இடத்தைப் பிரிக்கிறது. பதம் காலத்தைப் பிரிக்கிறது. உழுவதற்கு ஏற்ற தன்மையைச் சட்டகமும் ஒரு நிலப்பண்பாகக் கொள்கிறது. நடைமுறையில் அது களித்துகள் விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே விழுக்காடுடைய இரு புஞ்சைகளில், சொந்த ஏரோ டிராக்டரோ உள்ளவர் பதத்தைப் பிடிப்பார். வாடகை வண்டிக்குக் காத்திருப்பவர் தவறவிடுவார். உழவாற்றலையும் பயன்பாட்டு வகையின் கூறாகக் கருதுமாறு சட்டகமே கூறியிருக்க, அதனை விட்டுவிடும் மதிப்பீடு எளியவரின் நிலத்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடும்.

முடிவுரை

உழவர் அறிவிற்கும் எல்லை உண்டு. அடிமண்ணின் உப்பு, நுண்ணூட்டக் குறை முதலியன கண்ணுக்கு எளிதில் புலப்படா. பட்டாதாரரை மட்டும் கேட்டால், களையெடுக்கும் பெண்கள் அறிந்தது விடுபடும். ஆகவே பெயர்களை ஒப்பிடுவதினும், அளவுகோல்களை உழவரோடு சேர்ந்து வகுப்பதே முறை. வரைபடத்தின் வகுப்பும் உழவரின் கணிப்பும் முரண்படும் புலங்களைப் பிழையெனத் தள்ளாமல், அவற்றையே முதலில் தோண்டிப் பார்க்க வேண்டும்.