அழித்த பக்கம்: கேசட் பரிமாற்றமும் நம் ரசனையும்

இளையராஜா பாட்டைக் கேட்டு வளராத ஆள் எங்கள் பகுதியில் இல்லை. அவரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். நான் இங்கு பேச வந்தது வேறொன்று. பிடித்த பாட்டுகளைப் பட்டியல் போட்டு, ஒரே கேசட்டில் பதிந்து, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி, 'எப்பிடிடா இருக்கு?' என்று கேட்டுக்கொண்ட பழக்கம் பற்றியது. இதை நட்பின் இனிய ஞாபகமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை.

கருவேப்பிலங்குறிச்சி வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து அண்ணன் விருத்தாசலத்துக்குப் பேருந்தில் போய்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். காலனிப் பையன்களும் ஊர்த்தெருப் பையன்களும் ஒரே களிமண்ணில் கைவைத்து, ஒரே தூசியைக் குடித்த இடம் அது. கேசட் பரிமாற்றம் அங்கேதான் நடந்தது. ரெக்கார்டிங் கடையில் பட்டியலும் வெற்றுக் கேசட்டும் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு வாரத்தில் பதிந்து வைத்திருப்பார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு அரைமணி, மொத்தம் பன்னிரண்டு பாட்டு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பட்டியல் எழுதுகிற வேலை எனக்கு. அப்போது எனக்குப் பத்து வயது. பதிந்த கேசட் கைமாறிக் கைமாறித் திரும்பி வரும்போது, உள்ளே இருக்கிற அட்டையில் கருத்து எழுதியிருப்பார்கள். 'மூணாவது பாட்டு சூப்பர்', 'ஆறாவது தேவையில்ல' என்று.

அந்தப் பட்டியல்களை இன்று யோசித்துப் பார்க்கிறேன். எல்லாமே சினிமாப் பாட்டு. ஆனால் எங்கள் தெருவில் கேட்ட பாட்டு அது மட்டுமல்ல. இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா', ஏப்ரல் 14 அன்று காலையிலிருந்து ஒலிபெருக்கியில் ஓடும். அண்ணனுக்கு அது முழுசாக மனப்பாடம். ஒரு பட்டியலிலும் அதை எழுதச் சொன்னதில்லை. 'ஏண்ணே இத எழுதல?' என்று ஒருமுறை கேட்டேன். 'அதக் குடுத்தா அவன் என்னா நெனப்பான்?' என்றான்.

ரசனை என்பது தனிமனித விருப்பம் என்கிறார்கள். ஆனால் எதைக் கொடுத்தால் அவன் முகம் மாறாது என்று பார்த்துப் பார்த்து எடுக்கப்பட்ட பன்னிரண்டு பாட்டு எப்படி அண்ணனின் விருப்பமாகும்? அவனுக்குப் பிடித்ததில் பாதி வீட்டிலேயே இருந்துவிட்டது.

இன்னொரு கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒருவர் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். அதில் ஆயாவைப் பாட வைத்துப் பதிந்தார். ஆயா நடவுப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பேர்போனவள். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் மாரடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூலி நெல்லு. 'எளவு வுழாத வூட்டுல ஒப்பாரி எதுக்கு?' என்று அம்மா சத்தம்போட்டாள். அதனால் நடவுப் பாட்டுகளைப் பாடிவிட்டு, கடைசியில் செத்துப்போன தாத்தாவுக்காக ஒரே ஒரு ஒப்பாரி பாடினாள். யாரும் அழித்துவிடக் கூடாது என்று கேசட்டின் மேல்பக்கம் இருக்கிற இரண்டு பல்லையும் மாமா உடைத்துவிட்டுப் போனார். கேசட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், பல்லை உடைத்தால் ரெக்கார்டு பொத்தான் அமுங்காது. கம்பெனி கேசட்டுகள் பல் இல்லாமலேதான் வரும்.

1998இல் ஊர்த்தெரு நண்பன் ஒருவன் அண்ணனிடம் காதல் பாட்டாகப் பதிந்து கேட்டான். புதுக் கேசட் வாங்கக் காசில்லை. அண்ணன் ஆயா கேசட்டை எடுத்தான். உடைந்த ஓட்டையின் மேல் எதையாவது ஒட்டினால் மறுபடியும் பதியலாம். பிளாஸ்திரியை ஒட்டியவள் நான். பட்டியல் எழுதியவளும் நான். ஆயாவிடம் சொன்னபோது, 'போனா போவுது, நான் உசுரோடதான இருக்கேன்' என்றாள்.

கேசட் பத்து நாளில் திரும்பி வந்தது. அட்டையில் எழுதியிருந்தான்: 'எல்லாப் பாட்டும் சூப்பர். கடைசியில எவளோ ஒரு கெழவி ஒப்பாரி வைக்கிறா, அத அழிச்சிடு.'

பன்னிரண்டு பாட்டும் முடிந்தபிறகு நாடாவில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. அதில் ஆயாவின் குரல் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடவே தங்கியிருந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ரெக்கார்டு பொத்தானை அழுத்தி அந்த மிச்சத்தையும் வெறும் இரைச்சலாக்கினான். ஆயா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த வருசம் செத்துப்போனாள். திரும்பப் பதியலாம் என்று இருந்தோம், பதியவே இல்லை.

அந்த நண்பன் கெட்டவனில்லை. அது யார் குரல் என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டான் என்றுகூடத் தோன்றுகிறது. அவன் வீட்டுச் சாவுக்கு வேண்டியிருந்த குரல் அவன் கேசட்டில் இருக்கக் கூடாததாகிவிட்டது. இதைச் சாதி என்று அவனும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. பாட்டு நன்றாக இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர்கள் கொடுத்த கேசட் எதிலும் 'இத அழிச்சிடு' என்று நாங்கள் எழுதியதில்லை. எழுதலாம் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

தோழர்கள் சிலர் இதை மறுக்கிறார்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவரின் இசை 1976இல் 'அன்னக்கிளி' தொடங்கி எல்லாத் தெருவிலும் நுழைந்ததே, அது வெற்றியில்லையா என்று கேட்கிறார்கள். வெற்றிதான். அந்தப் பாட்டு இல்லையென்றால் அண்ணனுக்கும் அவனுக்கும் பேசிக்கொள்ளவே ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் பாட்டு தெருவைத் தாண்டியதால் ஆளும் தாண்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கத்தில், புதுக்கூரைப்பேட்டையில், கல்யாணம் செய்துகொண்ட குற்றத்துக்காக முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது 2025இல். அந்த இருபது வருசத்திலும் எங்கள் பக்கம் இரண்டு தெருவிலும் ஒரே காதல் பாட்டுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

கேசட் போய் எம்.பி.3 வந்தது, செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றினோம், இப்போது வாட்ஸ்அப். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பிவந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு அது. அதில் ஒப்பாரி கலந்திருக்கிறது. அதே நண்பன் அதை அண்ணனுக்கு அனுப்பி, 'கேளுடா, செமயா இருக்கு' என்று எழுதியிருந்தான். அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், அவ்வளவுதான். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது.

அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அந்தப் பாட்டைக் கொண்டாடியபோது அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. குரல் பிடித்துப்போன பிறகும் ஆளுடைய பேர் அட்டையில் ஏறக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 1998இல் அண்ணன் கேட்கவில்லை. 'அது எங்க ஆயாடா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அவனுக்கும் உள்ள குற்றம் அதுதான்.

பாட்டைக் கொடுத்து வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டியலை மாற்றுவோம் என்கிறேன். நம் தெருவில் ஓடுகிற பாட்டும் அதில் இருக்கட்டும். பாடியவள் பேரையும் ஊரையும் சேர்த்து எழுதுவோம். அழிக்கச் சொன்னால் யார் குரல் என்று சொல்லுவோம். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, காசில்லை என்ற சாக்கு இல்லை.

போன மாசம் அம்மாவைப் பாடச் சொன்னேன். 'எளவு வுழாத வூட்டுல எதுக்குடி' என்று அதே பேச்சுதான். நடவுப் பாட்டு பாடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை மூன்று பதிந்திருக்கிறோம். போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அண்ணன்.