நைலான் பிரபு (மங்கா கதைமாந்தர்)

நைலான் பிரபு, ஜப்பானிய மங்கா ஓவியர் ஒசாமு தெசூகா (1928–1989) படைத்த 'ரிப்போன் நோ கிஷி' படக்கதையில் வரும் எதிர்மறைக் கதைமாந்தர். முதன்மை வில்லனான டியூரலுமின் கோமகனின் கையாள். முகத்துதியும் கோழைத்தனமும் நிறைந்தவர். இக்கதை 1953 முதல் 1956 வரை 'ஷோஜோ கிளப்' இதழில் வெளிவந்தது. 1963-ல் 'நகயோஷி' இதழுக்காகத் தெசூகா இதை மீண்டும் வரைந்தார். 1967-ல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

கதையில் இடம்

சில்வர்லாந்து நாட்டின் சட்டப்படி ஆண் வாரிசே அரியணை ஏற முடியும். எனவே இளவரசி சஃபையர் ஆணாக வளர்க்கப்படுகிறாள். அவள் பெண் என நிரூபித்துவிட்டால் டியூரலுமினின் மகன் பிளாஸ்டிக்குக்கு ஆட்சி கிடைக்கும். அதற்கான சான்றைத் தேடி அலைவதே நைலானின் வேலை. சஃபையரை வாளேந்தி நேரில் எதிர்கொள்ளும் துணிவு அவருக்கு இல்லை. ஒட்டுக்கேட்பதும் சூழ்ச்சி செய்வதுமே அவர் வழி.

பெயர்கள்

நாயகியின் பெயர் மண்ணில் விளையும் நீலக்கல்லைக் குறிக்கிறது. டியூரலுமின், நைலான், பிளாஸ்டிக் மூன்றும் இருபதாம் நூற்றாண்டின் ஆலைகளில் உருவான செயற்கைப் பொருட்கள். பரம்பரைப் பெருமை பேசும் பிரபுக்களுக்கு இப்பெயர்களைச் சூட்டியதிலேயே கேலி இருக்கிறது. ஜப்பானில் 1947-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு பிரபுத்துவப் பட்டங்களை ஒழித்தது. பட்டம் இழந்த வகுப்பைக் கண்டு சிரிக்க அன்றைய வாசகர்களுக்குத் தடை இருக்கவில்லை. ஆனால் அதே ஆண்டின் அரச குடும்பச் சட்டம் அரியணையை ஆண்களுக்கே ஒதுக்கியது. சில்வர்லாந்தின் சட்டம் அவ்வாசகர்களுக்கு வெறும் கற்பனை அல்ல.

மதிப்பீடு

பிறக்கும் முன்பே சஃபையர் ஆண் இதயம், பெண் இதயம் இரண்டையும் பெற்றுவிடுகிறாள். அவளுடைய வாள்திறனுக்கும் வீரத்துக்கும் ஆண் இதயமே காரணம் என்கிறது கதை. பெண்ணை வீரநாயகியாக்கிய படைப்பு, வீரத்தை ஆணின் உடைமையாகவே வைத்திருக்கிறது என்னும் விமர்சனம் இதனால் எழுகிறது. இது நியாயமான விமர்சனமே.

நைலானை நகைச்சுவைப் பாத்திரம் என்று ஒதுக்கிவிடாமல் வாசித்தால் இன்னொரு கோணம் புலப்படும். டியூரலுமினுக்கும் நைலானுக்கும் இருப்பது ஆண் இதயம்தான். ஆனால் அவர்களிடம் வீரம் இல்லை. ஆண் என்பதால் மட்டுமே அதிகாரம் கேட்பவர்கள், வீரமான ஒருத்தியைப் பெண் என்பதால் மட்டுமே விலக்கப் பார்க்கிறார்கள். 1963 வடிவத்தில் கோட்டைப் பெண்கள் சஃபையருக்காகக் கிளர்ந்தெழுகிறார்கள். ஆண் இதயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. வீரத்துக்குக் கதை சொல்லும் விளக்கத்தை அதன் பாத்திரங்களே மறுக்கின்றன.

நைலானின் கோமாளித்தனத்துக்கு ஒரு குறையும் உண்டு. அவரைப் பார்த்துச் சிரிக்கும் வாசகர், அவருக்கு வலிமை தருவது அந்தச் சட்டமே என்பதை எளிதில் மறந்துவிடலாம்.